மூவாயிரம் தலை, மூன்று கிலோமீட்டர்

என் வயதுக்காரர்களே, இன்லண்டு கடிதத்தின் முகவரிப் பக்கத்தில் பின்கோடுக்காக வரிசையாக ஆறு சின்னக் கட்டங்கள் இருக்குமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு எண்ணையும் அதனதன் கட்டத்துக்குள் அடக்கி எழுத வேண்டும். மை ஊறி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டால் வீட்டில் திட்டு விழும். நாம் எல்லோரும் அந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறோம். அவற்றுக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. நான் எண்ணினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறை முழுக்க எண்ணினேன். பிற்காலத்தில் செய்திக்காக எத்தனையோ கூட்டங்களில் தலைகளை எண்ணியிருக்கிறேன். அந்தக் கோடையின் படபடப்பு எதிலும் வந்ததில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியிலிருந்து வரும் சாலையில் எங்கள் நிறுத்தத்தில் இறங்கினால் இடது கைப்பக்கம் எங்கள் நான்கு தெருக்கள். வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. விடிந்ததும் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறும்வரை அந்தத் தெருவில் சைக்கிள்கூடப் போக முடியாது. சாலையோடு நேராகப் போனால் மேட்டுத்தெரு. அங்கே விவசாயக் குடும்பங்கள். வலது கைப்பக்கம் ஒரு கால்வாய், அதன்மேல் இரண்டு கல் பலகைகள், அந்தப் பக்கம் காலனி. எங்கள் தெருக்காரர்கள் வீட்டுக்குள் சேர்க்காத மக்களுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. மூன்று இடத்துக்கும் பின்கோடு ஒன்றுதான், ஆரணியுடையது.

நிறுத்தத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அதை ஒட்டிப் பஞ்சாயத்து ரேடியோ அறை. ரேடியோ எப்போதோ ஊமையாகிவிட்டது. கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாய்க்குள் மைனா கூடு கட்டியிருந்தது.

எல்லாம் சித்தியின் கடிதத்தில் தொடங்கியது. சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டோடு இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் நான்கு தெருக்களில் பத்தாம் வகுப்பு தேறிய முதல் பெண் அவள். தேறிய பிறகும் ராட்டையின் முன் உட்கார்ந்து, தறி நாடாவுக்குள் போடும் நூல்குழலான தார் சுற்றினாள். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேரில் வரச் சொல்லி வந்த கடிதம் டீக்கடையில் பன் டப்பாவுக்கு அடியில் எட்டு நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேதி போய்விட்டது. கடிதத்தில் பன்னின் எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது.

மறுமுறை தபால்காரர் வந்தபோது சித்தி போய் அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது? ஊட்டுக்கு வந்து குடுக்க மாட்டீங்களா?"

"நான் இன்னாம்மா பண்ணுவேன்? ஆரணில கெளம்பி மேட்டுத்தெரு வரிக்கும் நான் ஒரே ஆளு. டீக்கடையில வெச்சா யாராச்சும் எடுத்துகினு போவாங்கன்னு வெச்சேன்."

"யாரும் எடுத்துகினு போவல."

தபால்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னப் புடிச்சி பேஜார் பண்ணி இன்னா ஆவப்போவுது? தனி ஆபீஸ் கேளு. மூவாயிரம் தலை இருக்கணும். ஆரணி ஆபீஸ்லேருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கணும். வெக்கறதுக்கு ஒரு ரூமு. உக்கார்றதுக்கு பத்தாவது பாஸ் பண்ண ஆளு. ரூம் குடுக்கறவங்களுக்கே அந்த வேலையும் பெரும்பாலும் கெடைச்சிரும்."

கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னாள் சித்தி. அவர் சொன்னார். சக்கரத்தை விட்டாள்.

அன்று வீட்டில் சாப்பாட்டின்போது வேறு பேச்சே இல்லை. அப்பா சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் முன்னறையைப் பார்த்தார். அங்கே எங்கள் நான்காவது தறி இருந்தது. "அத்த எடுத்துடலாம். உனக்கு கவர்மெண்டு வேலைன்னா ஒரு தறி போனா போவுது" என்றார். சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் என் பள்ளி நோட்டில் எழுதாத பக்கங்களையெல்லாம் கிழித்துத் தைத்தாள். எங்கள் ஜனத்தொகைப் புத்தகம் அதுதான்.

ஆனால் ஜனத்தொகை தன்னிடம் தயாராக இருக்கிறது என்றார் நாட்டாண்மைக்காரர். எங்கள் தெருக்களின் வழக்கு, திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். "இதுக்கு இன்னாத்துக்கு ஊடு ஊடா அலையறீங்க? நம்மகிட்ட பட்டியல் கீது" என்று ஒரு நீள நோட்டை எடுத்தார். தேர் இழுக்கத் தறிக்கு ஓர் ஆள் என்பது எங்கள் ஊர் முறை. அதற்காக வைத்திருந்த தறிப் பட்டியல் அது. "தறிக்கு நாலு தலை போடு" என்றார். சித்தி பெருக்கினாள். மேட்டுத்தெருவுக்கு அவர் உத்தேசமாகச் சொன்னதையும் சேர்த்ததும் மூவாயிரம் தாண்டிவிட்டது. நாட்டாண்மைக்காரர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.

சித்தி பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கேட்டாள்: "தறி இல்லாத ஊடு?"

"தறி இல்லாத ஊடா? அது எது?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். தையற்காரர் வீட்டில் ஒன்பது பேர். பட்டியலில் அவர்கள் இல்லை. இஸ்திரி போடுபவர் இல்லை. இட்லி விற்கும் அக்கா இல்லை. கோயில் பூசாரியே இல்லை. மாறாக, ஆறு தறி வைத்த ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். நெய்பவர்கள் வெளியூரிலிருந்து வந்து போனார்கள். பட்டியல்படி அந்த வீட்டில் இருபத்து நான்கு பேர்.

"போஸ்ட் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தா சிரிப்பாருங்க" என்றாள் சித்தி.

"சிரிச்சா சிரிச்சிட்டு போறாரு. எண்ணித்தான் பாரேன்" என்றார் அவர், பொடியை உறிஞ்சியபடி.

எண்ணினோம். மறுநாள் காலை முதல் வாசல் வாசலாக ஏறினோம். நான் கதவைத் தட்டுவேன், சித்தி எழுதுவாள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு யாரும் எண்ணைச் சொல்லவில்லை; எதற்கு என்றுதான் கேட்டார்கள்.

"ரேஷனுக்கா, வரிக்கா?"

"ரெண்டுமில்லக்கா. தபால் ஆபீசுக்கு."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன். ரேஷன்னா ஏழு பேரு. வரின்னா நானும் அவரும் மட்டும்தான்."

ஒரு வீட்டில் நிறைமாதக்காரி வயிற்றைத் தடவியபடி, "இத்தயும் சேத்து எழுதிக்கோ. ஆபீஸ் வர்றதுக்குள்ள பொறந்துடும்" என்றாள். சித்தி எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு ஒவ்வொரு தலையும் வேண்டியிருந்தது. நான் தெருவில் நடக்கும்போதெல்லாம் எதிரே வருபவர்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். வளையல்காரர் வந்தார்; எங்கள் பின்கோடு இல்லை, கழித்தேன். களம்பூர் மில் லாரியில் நெல் மூட்டைமேல் நான்கு பேர் உட்கார்ந்து போனார்கள். அவர்களும் இல்லை. அப்படியே இறக்கி எங்கள் தெருவில் குடிவைத்துவிட மாட்டோமா என்றிருந்தது.

நடுவில் ஒரு நாள் தூரத்தை அளந்தோம். அப்பாவின் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நூலைக் கஜக்கோலில் அளந்து, ஆயிரத்து நானூறு சுற்றாவது வந்தால்தான் மூன்று கிலோமீட்டர் என்று சித்தி கணக்குப் போட்டாள். டயரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். ஆரணித் தபால் ஆபீஸ் படியிலிருந்து தொடங்கினோம். சித்தி சைக்கிளைத் தள்ளினாள். துணி தரையைத் தொடும்போதெல்லாம் நான் உரக்க எண்ணினேன். முதல் தடவை அறுநூறைத் தாண்டியதும் தெரிந்த மாமா ஒருவர், "எங்க போயிகினு கீறீங்க?" என்று கேட்டார். பதில் சொன்னேன். எண் போய்விட்டது. சித்தி சைக்கிளைத் திருப்பினாள். மறுபடி தபால் ஆபீஸ் படி.

இரண்டாம் தடவை யார் என்ன கேட்டாலும் எண்ணையே சொன்னேன்.

"பாப்பா, அம்மா நல்லா கீறாங்களா?"

"எழுநூத்திப் பன்னெண்டு!"

சாலைத் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. ஆயிரத்து நானூறு வந்தபோது டீக்கடை இன்னும் தூரத்தில் தெரிந்தது. சித்தி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நடுச்சாலையில் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

தூரம் தேறிவிட்டது. தலைகள் தேறவில்லை. எங்கள் நான்கு தெரு, மேட்டுத்தெரு, ஆற்றோரத் தோப்புக் குடிசைகள் எல்லாம் சேர்த்தும் அறுநூற்றுச் சொச்சம் குறைந்தது. மூன்று முறை கூட்டினோம். நாட்டாண்மைக்காரர் வழி சொன்னார்: "காஞ்சிபுரத்துல வாக்கப்பட்ட நம்ம பொண்ணுங்க எத்தினி பேரு! அதுங்க பேர எழுது. புருசன் பேரு, புள்ளைங்க பேரு, அதுவே சேந்துடும்."

சித்தி நோட்டை மூடினாள். மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு கல் பலகைகளைத் தாண்டினாள்.

காலனியின் பால்வாடி டீச்சர் பள்ளியில் சித்தியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். எங்கள் தெருவுக்கு எதற்காகவாவது வந்தால் சித்தியை "நீங்க" என்பார். அன்று புங்கமரத்தடியில் எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"வாடி. இந்தக் கால்வாயத் தாண்ட உனக்கு இத்தினி வருசம் ஆச்சா?"

சித்தி விஷயத்தைச் சொன்னாள். எனக்கு யாரோ ஒரு சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். அந்தப் பக்கம் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. உருண்டையில் வெல்லமும் வறுத்த கடலையும் மணத்தன. தின்றுவிட்டேன்.

"அப்ப நாங்க இல்லன்னா ஆபீஸே இல்ல" என்றார் டீச்சர்.

"இல்லடி."

"எங்க வெக்கப் போற?"

"எங்க ஊட்டு முன்னறையில."

டீச்சர் சிரித்தார். "எங்கப்பா ஸ்டாம்பு வாங்க வந்தா எங்க நிப்பாரு? உள்ளயா, தெருவுலயா? உங்க அக்கா புருசன் இன்னா சொல்லுவாரு?"

சித்தி தரையைப் பார்த்தாள். பால்வாடிக் குழந்தைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டாள்: "ரேடியோ ரூமுல வெச்சா?"

"அது உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல. அங்கன்னா நானே ஊடு ஊடா வந்து எழுதித் தர்றேன்."

"பஞ்சாயத்து ரூமுன்னா வேலைக்கு யாரு வேணா போட்டி போடுவாங்கடி. எனக்குக் கெடைக்காம போவலாம்."

"போவலாம்" என்றார் டீச்சர்.

சித்தி நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் கோடு போட்டாள். "மொத ஊட்டுலேருந்து ஆரம்பி."

அந்த இரண்டு நாள் எண்ணிக்கைதான் எங்கள் புத்தகத்திலேயே சுத்தமானது. எதற்கு என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று பெயர் சொன்னார்கள். வேலைக்குப் போய்ப் படவேட்டில் தங்கியிருந்த ஒருவரின் பெயரை மட்டும் அவருடைய மனைவியே அடித்துவிடச் சொன்னார்: "மாசம் ஒருதரம் வர்ற ஆளு எந்தக் கணக்குல வரும்?" கடைசி வீட்டில் மூவாயிரத்தைத் தாண்டினோம். டீச்சர் கைதட்டினார். நான் கத்திய கத்தலில் குழந்தைகள் அழுதன. திரும்பும்போது கல் பலகைமேல் நின்று சித்தி சொன்னாள்: "உங்கப்பாகிட்ட ரூமு விஷயத்த சொல்லாத. நோட்டையே கிழிச்சிருவாரு."

மறுநாளே பட்டியலின் நகலோடு ஆரணித் தபால் ஆபீசுக்கு மனு அனுப்பினாள். இதற்குப் பின் வந்த பத்து நாள்தான் எனக்குக் கஷ்டமானது. அப்பா முன்னறைத் தறியைக் கழற்றினார். நெய்பவர் காலை இறக்கி உட்காரும் குழியை மூட ஆற்றுமண் கொண்டுவந்தார். நானும் கூடையில் சுமந்தேன். மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து மிதித்தோம். "ஸ்டாம்பு வாங்கற ஜன்னல் இங்க. உங்க சித்தி நாற்காலி இங்க" என்று சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். எனக்கு வாய்வரை வந்தது. சித்தி வாசற்படியில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அப்பா ஏமாந்தது சித்தியால் என்று அப்போது நினைத்தேன். அந்த அறைக்குள் யார் யார் வரலாம் என்பதை அவர் யோசிக்கவே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மனுவைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. தெரு முனையில் வாழைமரம் கட்டினார்கள். பெரிய அதிகாரி ஜீப்பில்தான் வருவார் என்று நாட்டாண்மைக்காரர் ரோஜாமாலையோடு சாலையைப் பார்த்தபடி நின்றார். ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று. ரோஜா இதழ்கள் உதிரத் தொடங்கின. அப்போது கால்வாய்ப் பக்கமிருந்து பையும் குடையுமாக ஒருவர் வந்து கூட்டத்தை விலக்கினார். செருப்பெல்லாம் சேறு.

"ஓரமா நில்லுப்பா. ஆபீசர் வர்ற நேரம்" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"நான்தாங்க அது" என்றார் அவர்.

காலை முதல் பஸ்ஸிலேயே இறங்கியிருக்கிறார். வரவேற்க யாரும் இல்லை. கல் பலகை கண்ணில் பட்டிருக்கிறது. காலனியில் இருபது வீடு ஏறி, சித்தியின் பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிட்டார். "ஒரு தலைகூட வித்தியாசமில்லை. யார் எடுத்த கணக்கு?" என்று கேட்டார். நாட்டாண்மைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சித்தியை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன்.

எங்கள் தெருவில் பத்து வீடு பார்த்தார். ஒரு வீட்டில் பட்டியலைவிட ஒருவர் அதிகம்: நான்கு நாள் குழந்தை. சிரித்தபடி குறித்துக்கொண்டார். "சரி, அறை?"

அப்பா எங்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்தார். இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். மெழுகிய தரை, புதுச் சுண்ணாம்பு, அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த நாற்காலி. "பிரமாதம்" என்று எழுதத் தொடங்கினார்.

கூட்டத்தின் கடைசியில், எங்கள் தெரு தொடங்கும் இடத்தில், டீச்சர் நின்றிருந்தார். அதற்கு மேல் உள்ளே வரவில்லை.

சித்தி பேசினாள்: "இங்க இல்லைங்க சார். ரோட்டு மேல ரேடியோ ரூம் கீது. எல்லாரும் வர்ற எடம். அங்க வெக்கணும்."

ஒரு தறி மட்டும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த ரூம் குடுத்தா நீங்களே உக்காரலாம்மா. அங்க வெச்சா அதுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில்.

"தெரியுங்க சார். பேர் குடுத்தவங்கள்ல அறுநூறு பேருக்கு மேல இந்த வாசல் ஏற முடியாது. அவங்கள எண்ணிட்டு இங்க வெச்சா அது பொய்க்கணக்கு."

அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அப்பா திட்டவில்லை. பேசவே இல்லை. அடுத்த வாரம் அதே மண்ணை நானும் அவரும் கூடை கூடையாக வெளியே அள்ளினோம். தறியை மறுபடி பூட்டினார். தெருவில் பெண்கள் சித்தியின் காதுபடவே, "கைக்கு வந்தத தட்டி உட்டுட்டா" என்றார்கள். அவள் மழைக்காலம் முழுக்கத் தார் சுற்றினாள். நான் பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் ரேடியோ அறையை எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் கதவு திறந்திருந்தது. உள்ளே இருவர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வீடுவரை ஓடினேன். சித்தி ராட்டையைப் பாதிச் சுற்றில் விட்டு எழுந்து வந்தாள்.

அலுவலகம் கிடைத்துவிட்டது. வேலைக்கு ஏழு பேர் மனுப் போட்டார்கள். மதிப்பெண் அதிகம் வாங்கியிருந்த மேட்டுத்தெருப் பையனுக்குப் போஸ்ட்மாஸ்டர் நாற்காலி. வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வேலை சித்திக்கு. ஆணை வந்த அன்று, மாதக்கணக்கில் பேசாதிருந்த அப்பா பேசினார்.

"வெய்யில்ல சுத்தற வேலை. நம்ம ஊட்டுல வெச்சிருந்தா ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்ப."

"ஆமா மாமா" என்றாள் சித்தி. "ஆனா இருக்கற ஊடெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது."

முதல் நாள் காலை எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்காரவில்லை. தபால் முதலில் எந்தப் பக்கம் வரும் என்பது பந்தயம் கட்டும் அளவுக்குப் போய்விட்டது. நான் டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். சித்தி காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரேடியோ அறைப் படியில் இறங்கினாள். இரு பக்கமும் பார்த்தாள். வலது பக்கம் திரும்பிக் கல் பலகைகளின்மேல் நடந்தாள்.

எங்கள் தெருவுக்கு வர மதியமாகிவிட்டது. அதுவரை நாட்டாண்மைக்காரர் உட்பட எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வீட்டில் இருக்கும்போது அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. வீடு வீடாக வந்து எங்கள் வாசலில் நின்றாள் சித்தி. முகம் சிவந்து வியர்த்திருந்தது. கையிலிருந்த தபால் கட்டை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்:

"உங்களுக்கு இன்னிக்கி எதுவும் இல்லைங்க."

அப்பா ஒரு கணம் அவளையே பார்த்தார்.

"சரிங்க" என்றார்.